உப்பும் வியர்வையும் லித்தியமும்

பீங்கான் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு லித்தியம் கார்பனேட் புதிய பெயரல்ல. கிளேஸ் கலவையில் சிறிது சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகிக் கண்ணாடிபோலப் படியும். ஆறும்போது மேற்பூச்சில் மயிரிழை விரிசல் விழுவதும் குறையும். 1817-இல் ஸ்வீடன் நாட்டு ஆர்ஃப்வெட்சன் இந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்ததே பெட்டலைட் என்ற கல்லில்தான். அந்தக் கல் இன்றும் பீங்கான்காரர்களின் சரக்கு. விருத்தாசலத்தில் ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் கொலு பொம்மையும் செய்யும் பட்டறைகளில், உருக்கும் வேலையைப் பெரும்பாலும் ஃபெல்ஸ்பார் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதே லித்தியம் கார்பனேட், மருந்துத் தரத்துக்குச் சுத்தமாக்கப்பட்டு, 300 மில்லிகிராம் மாத்திரையாக மெடிக்கல் ஷாப் அலமாரியில் இருக்கிறது. இருமுனைக் கோளாறுக்கு அதைவிட நெடுநாள் நிரூபணம் உள்ள மருந்து இன்னும் வரவில்லை.

இருமுனைக் கோளாறு உள்ள வீட்டாருக்கு நோயை விளக்கத் தேவையில்லை. சில வாரம் தூக்கமே இல்லாத வேகம்: ராத்திரி இரண்டு மணிக்குப் போன், வட்டிக்குக் கடன், யாரைக் கண்டாலும் சண்டை. பிறகு மாதக்கணக்கில் பாயை விட்டு எழாத இருட்டு. லித்தியம் இரண்டு பக்கத்தையும் கட்டுக்குள் கொண்டுவருகிறது. தற்கொலையைக் குறைப்பதாக நீண்ட காலச் சான்று உள்ள மிகச் சில மருந்துகளில் இது ஒன்று. விலையும் சொற்பம். இயற்கையில் கிடைக்கும் உப்புக்குக் காப்புரிமை வாங்க முடியாது என்பதால், இதைத் தூக்கிப் பிடித்து விளம்பரம் செய்ய எந்தக் கம்பெனிக்கும் அவசரமில்லை.

இவ்வளவு நல்ல மருந்து ஆளைக் கொல்லவும் செய்யும். இதைக் கொண்டுவந்தவரின் கதையிலேயே அது இருக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டு ஜப்பானியரிடம் கைதியாக இருந்து மீண்டவர். மெல்பர்ன் அருகே பண்டூரா மருத்துவமனையில் புழங்காத ஒரு சாமான் அறையை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, கினிப்பன்றிகளுக்கு லித்தியம் உப்பை ஊசியில் ஏற்றிப் பார்த்தார். அவை மருட்சி அடங்கிப் படுத்துக்கிடந்தன. 1948-இல், ஐந்து ஆண்டுகளாக ஓயாத பித்தில் இருந்த ஒருவருக்குக் கொடுத்தார். சில மாதத்தில் அந்த மனிதர் வீடு திரும்பி, பழைய வேலைக்கும் போனார். பத்து நோயாளிகளைப் பற்றிக் கேட் எழுதிய கட்டுரை 1949 செப்டம்பரில் வெளிவந்தது. வழக்கமாகச் சொல்லப்படும் வெற்றிக் கதை இங்கே நின்றுவிடும். அந்த முதல் நோயாளி பிறகு மாத்திரையை விட்டார், நோய் திரும்பியது, மறுபடி கொடுத்தார்கள், 1950-இல் லித்தியம் உடலில் நஞ்சாகிச் செத்துப்போனார். அதே 1949-இல் அமெரிக்காவில், உப்பு ஆகாத இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை விற்றார்கள். உயிர்கள் போன பிறகே அது கடையிலிருந்து அகற்றப்பட்டது.

அத்தோடு இந்த மருந்து ஒழிந்திருக்கும். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் டிரவுட்னர் என்பவரும் கூட்டாளிகளும் 1951 வாக்கில் ரத்தத்தில் லித்தியத்தை அளக்கத் தொடங்கியதால்தான் அது பிழைத்தது. லித்தியம் தீயில் செக்கச்செவேல் என்று எரியும். அந்தச் சிவப்பு எவ்வளவு என்று பார்க்கும் கருவி அவர்களிடம் இருந்தது. டென்மார்க்கில் மோகன்ஸ் ஷூ 1954-இல் முறையான சோதனை நடத்தினார். அமெரிக்கா அனுமதிக்க 1970 ஆனது.

லிட்டர் ரத்தத்துக்கு ஏறக்குறைய 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. 1.5-ஐத் தாண்டினால் கை உதறல், வாந்தி, பேதி, நடை தள்ளாட்டம். 2-க்கு மேல் போனால் வலிப்பும் நினைவிழப்பும் வரலாம். நன்மைக்கும் நஞ்சுக்கும் நடுவே இவ்வளவு குறுகலான இடம் உள்ள மருந்துகள் அதிகமில்லை. சூட்டைக் காட்டும் கோனோ பைரோமீட்டரோ இல்லாமல் சூளையைக் கொளுத்திவிட்டு, சரக்கு நன்றாக வந்துவிடும் என்று காத்திருக்க விருத்தாசலத்தில் யாரும் துணிய மாட்டார்கள். லித்தியத்துக்கு ரத்தப் பரிசோதனை அப்படித்தான்.

அளவு ஏறுவதற்கு மாத்திரையைக் கூடுதலாக விழுங்க வேண்டும் என்பதில்லை. சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் ஏறத்தாழ ஒன்றுதான். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் வெளியே விடாது. சித்திரை வெயிலில் சூளை வாசலில் நிற்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து சட்டை நனைந்து காய்ந்து, முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. இரண்டு நாளாகப் பேதி. பொம்மை அச்சுகளைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போகும் வழியில் கடையில், "அண்ணே, இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்கிறார். கடைக்காரர் டைக்ளோஃபெனாக் கத்தரித்துக் கொடுக்கிறார். அது லித்தியத்தை இன்னும் ஏற்றும். பிரஷர் இருக்கிறது என்று போன வாரம் வேறொரு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி, சிறுநீர் பிரிய ஒரு மாத்திரையும் எழுதியிருந்தால், அதுவும் ஏற்றும். இதில் யாரும் பொறுப்பில்லாமல் நடக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் கண்ணில் பட்டதற்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். "லித்தியம் சாப்பிடுகிறேன்" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மனநோய் மாத்திரை என்று கடை வாசலில் சொல்ல யாருக்கு வரும்? வீட்டில்கூட அது "நரம்பு மாத்திரை"தான். அந்த மறைப்பு அவருடைய மானத்தைக் காக்கிறது. உயிரை ஆபத்தில் வைக்கிறது. அதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

மனச்சோர்வு மருந்துகளில் ஆபத்து வேறு விதம். எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை நரம்பு முனைகளில் செரோடோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைச் சில மணி நேரத்திலேயே தடுத்துவிடும். ஆனால் மனம் தெளிய இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும். அதற்குள் குமட்டலும் படபடப்பும் முதலில் வந்துவிடும். பலர் பத்தாம் நாள் நிறுத்துவது இதனால்தான். ஆறு வாரம் பொறுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிப் பேராவது தொடர்வார்கள் என்று நம்புகிறேன். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு இந்த மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சோர்விலிருந்து நேரே பித்துக்குத் தூக்கி எறியக்கூடும். "இதுக்கு முன்னாடி தூக்கமில்லாமலே சுறுசுறுப்பா இருந்த காலம் உண்டாம்மா?" என்று மருத்துவர் கூட வந்தவரைக் கேட்பதற்கு அரை நிமிடம் ஆகும். புறநோயாளிகள் வரிசை வாசல் வரை நிற்கும்போது அந்த அரை நிமிடம் கிடைப்பதில்லை.

ரத்தத்தில் அளக்கும் தொல்லை குறைவு என்று லித்தியத்துக்குப் பதில் சோடியம் வால்ப்ரோயேட் எழுதுவதும் உண்டு. கருவுறும் வயதுப் பெண்ணுக்கு அது சரியான மாற்று ஆகாது. கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் எடுத்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வருகிறது; முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பது அவற்றில் ஒன்று. கல்யாணத்துக்கு முன் நோயை மறைத்து, மாத்திரையையும் மறைத்து அனுப்பிவைக்கும் வீடுகளில் இதை யார் அந்தப் பெண்ணிடம் சொல்வார்கள்?

தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் 2015–16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் சிகிச்சையில் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரச் சொல்கிறது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இதெல்லாம் செய்ய முடிந்த மாநிலத்திடம் லித்தியம் பரிசோதனையைத் தாலுகா ஊர்வரை கொண்டுவா என்று கேட்பது பேராசையல்ல. மருந்து தொடங்கி அளவு நிலைக்கும்வரை வாரம் ஒரு முறை, நிலைத்த பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கூடவே சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டு. அவ்வளவுதான்.

கருவியைக்கூட விருத்தாசலத்தில் வைக்க வேண்டியதில்லை. ரத்தத்தை இங்கே எடுத்து அனுப்பினால் போதும். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும் என்பதால், இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் காலை எட்டு மணிக்கு, அன்றைய மாத்திரையைப் போடாமல் வந்து கை நீட்ட வேண்டும். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் ஏறுகிறவருக்கு விருத்தாசலம் முடியும். புதுச்சேரி ஜிப்மருக்கு அந்த நேரத்தில் போய்ச் சேருவது பெரும்பாடு. ரத்தம் எடுப்பவருக்கும் ஒன்று சொல்லித் தர வேண்டும்: பச்சை மூடிக் குழாயில் பிடிக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க அதில் தடவியிருப்பது பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின். அதில் பிடித்தால், ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு வந்தவரின் அறிக்கையில் நஞ்சு அளவு காட்டும், நல்ல மருந்தை நிறுத்திவிடுவார்கள்.