அப்பர் வேடத்தில் சிவாஜி

சிவாஜி கணேசன் படங்களில் எது பிடிக்கும் என்று அரியலூரில் யார் கேட்டாலும் 'திருவருட்செல்வர்' என்பேன். 'திருவிளையாடல்' (1965) பெரும் படம்தான். ஆனால் அதில் அவர் கடவுள். 1967-இல், நாற்பது வயது நிரம்பும் முன்பே, உழவாரம் ஏந்திய முதிய அப்பராக வந்தார். தளர்ந்த உடம்பு, தளராத கண்.

'பராசக்தி'யில் (1952) கோயில் நடப்பைக் கேள்வி கேட்டவர் பதினைந்து ஆண்டுகளில் நாயனார் ஆனால் அது பக்தியா, வேடம்தானா? பெரம்பலூரில் என் மைத்துனர் விடாமல் கேட்பார். சமணத்தில் தருமசேனர் என்ற பெயரில் இருந்துவிட்டுச் சைவத்துக்கு வந்தவர்தானே அப்பரும் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அதைவிட எனக்கு முக்கியம் மெய்ப்பொருள் நாயனார். அடியார் வேடத்தில் வந்த பகைவன் குத்திச் சாய்த்தபோதும், அவனுக்குத் தீங்கு நேராமல் ஊர் எல்லை கடத்திவிடச் சொன்னார். அவர் வணங்கியது வேடத்தை. பொய்யன் பூசிய நீற்றுக்கே அந்த மதிப்பு என்றால், ஒரு கலைஞன் உயிரைக் கொடுத்துப் பூசியதை ஏன் சோதிக்க வேண்டும்?

அப்பர் பாடிய திருமழபாடியில் நாங்கள் உழவாரப்பணி செய்கிறோம். பிராகாரத்தில் நெருஞ்சி பிடுங்கக் குனியும்போது எனக்குள் வருவது அந்த நடிகரின் முதுகுதான். கூச்சமில்லாமல் அதைப் பக்தி என்றே சொல்கிறேன்.