அறிந்தவர் மௌனம்

சேலையூரில் என் இல்லத்திற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மனை விலைக்கு வந்தது. விற்பவன் என் தங்கை மகன். கிரய ஒப்பந்தத்தின் நகலை என்னிடம் கொண்டுவந்து, சொற்பிழை இருந்தால் திருத்தித் தருமாறு கேட்டான். பொறியியல் துறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் ஒப்பந்தக் கோப்புகளோடு காலம் கழித்தவன் நான்; ஆகவே சொற்பிழையை விட்டுவிட்டு ஷரத்துகளைப் படிக்கத் தொடங்கினேன். ஐந்தாவது ஷரத்தில் இவ்வாறு இருந்தது: வாங்குபவர் மனையை நேரில் பார்வையிட்டு, அதன் தன்மை முழுவதையும் அறிந்து, மனநிறைவு கொண்டவராகக் கருதப்படுவார்.

அம்மனையின் வடகிழக்கு மூலையில் ஒரு கிணறு இருந்தது. என் மைத்துனர் காலத்தில் நீர் வற்றிப்போகவே, செங்கல் இடிபாடுகளையும் குப்பையையும் கொட்டி அதைத் தூர்த்துவிட்டனர். இன்று அங்கே புல் முளைத்துச் சமதரையாகக் கிடக்கிறது. பார்வையிடும் எவர் கண்ணுக்கும் அது புலப்படாது.

“கிணற்றைப் பற்றிச் சொன்னாயா?” என்றேன்.

“அவர்கள் கேட்கவில்லையே, மாமா. கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன்” என்றான்.

அவன் பொய்யன் அல்லன். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாதிருத்தலே வாய்மை என்று நம்மில் பலரும் நம்புவது போல அவனும் நம்பினான். ஆனால் கடைக்காலின் ஒரு பகுதி இயற்கை மண்ணிலும் மறுபகுதி தூர்த்த குழியிலும் நின்றால், குழியின் மேல் நிற்பது சில ஆண்டுகளில் அமிழும். சுவர் மூலைவாட்டில் வெடிக்கும். அப்போது வாங்கியவர் இந்த ஐந்தாவது ஷரத்தை எடுத்துப் படித்துப் பார்க்கலாம். 

இந்த வாசகம் எனக்குப் புதியதன்று. பாலம், சாலை, அணை ஆகிய பெரும்பணிகளின் ஒப்பந்தங்களில் நெடுங்காலமாக இருந்துவருவதே. பணியைக் கோரும் அலுவலகம் முதலில் ஆங்காங்கே துளையிட்டு மண்ணெடுத்து ஆய்கின்றது. மட்டங்களை அளந்து வரைபடம் செய்கின்றது. பின்னர் ஒப்பந்தப்புள்ளி கோருகின்றது. விலை குறிப்பதற்கு ஒப்பந்தக்காரருக்குக் கிடைப்பதோ சில வாரங்கள். அதற்குள் அவர் தம் செலவில் துளையிட்டுப் பார்ப்பது நடவாத காரியம். ஆயினும், அவர் களத்தைத் தாமே ஆய்ந்து அறிந்தவராகக் கருதப்படுவார் என்றும், தரப்படும் மண் விவரங்களின் சரிமைக்கு அலுவலகம் பொறுப்பாகாது என்றும் ஷரத்து எழுதப்படுகின்றது. இதில் ஒரு நியாயமும் உண்டு. அதை மறுத்தல் கூடாது. துளை என்பது சாண் அகலம்கூட இல்லாதது. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே என்ன இருக்கிறது என்று உறுதி கூற எவராலும் முடியாது.

நம் பகுதியையே பாருங்கள். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் கரும்பாறைக்குச் சார்னோக்கைட்டு என்று 1893இல் பெயரிட்டார் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மீதுள்ள கல்லும் அவ்வினத்தது என்பதால் அப்பெயர். அப்பாறையிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் பள்ளிக்கரணைச் சதுப்பின் குழைந்த களிமண். இடையில் ஏரிகளும் வாய்க்கால்களும், தூர்க்கப்பட்ட பின் மனைகளாகிவிட்ட பள்ளங்களும். 1802ஆம் ஆண்டு லாம்ப்டன் என்னும் படைத்துறை அதிகாரி, இந்திய நில அளவைக்கு அடிக்கோடாக, பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் சங்கிலி நீளுமென்று வெப்பத்தையும் உடன் குறித்துவந்தார். தேய்மானத்தைச் சரிபார்க்க வேறொரு சங்கிலியையும் வைத்திருந்தார். தன் கருவி எவ்வளவு தவறக்கூடும் என்பதையும் சேர்த்து எழுதிவைப்பவனே அளப்பவன் என்பது என் கருத்து. “எனக்குத் தெரிந்தது இவ்வளவு, இதற்கு மேல் தெரியாது” என்னும் ஷரத்து நேர்மையானது. “எனக்குத் தெரிந்ததையும் உனக்குச் சொல்லேன், ஆயினும் நீ அறிந்தவனே” என்னும் ஷரத்தைப் பற்றியே இங்கு வினா.

நான் பணியில் சேர்ந்த தொடக்கக் காலத்தில் ஒரு சிறு பாலத்திற்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களைத் தைத்துக் கட்டும் வேலை எனக்கு இடப்பட்டது. எட்டுத் துளைகளின் விவரத் தாள்கள் கோப்பில் இருந்தன. ஐந்தை மட்டும் சேர்த்தால் போதும் என்று மேலதிகாரி கூறினார். விடுபட்ட மூன்றும் ஆற்றின் தென்கரையில் இட்டவை. அங்கே கடினமண் மிக ஆழத்தில் இருந்தது. வினவினால் இளைஞன் அதிகம் பேசுகிறான் என்பர் என்று அஞ்சி, சொன்னபடி ஐந்தைத் தைத்தேன். குறைந்த விலை குறித்தவருக்கே பணி கிடைத்தது. தென்கரையில் தோண்டத் தோண்ட அவருக்கு நட்டமே மிஞ்சியது. கூடுதல் தொகை கேட்டு அவர் எழுதிய மடல்களுக்கெல்லாம், அந்த ஷரத்தின் எண்ணைக் குறித்து மறுமொழி எழுதியவனும் நானே. அவர் கூட்டாளிகளுக்குக் கூலி கொடுக்க மனைவியின் நகையை விற்றார் என்று பின்னர் கேள்வியுற்றேன். இன்று அவர் இல்லை. இதை இதுநாள்வரை எங்கும் எழுதியதில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவின் விளக்கத்தில், வெறும் மௌனம் வஞ்சகம் ஆகாது என்கின்றது. பேசவேண்டிய கடமை உள்ள இடத்திலும், மௌனமே பேச்சுக்கு நிகராகும் இடத்திலும் மட்டும் அது வஞ்சகமாகும். அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு குதிரை விற்பனை. குதிரைக்கு நோய் உண்டென்று அறிந்தும் ஏலத்தில் ஒன்றும் சொல்லாமல் விற்றால் அது வஞ்சகமன்று. வாங்குபவள் அப்போதுதான் உரிய வயதடைந்த தன் மகளாயின் சொல்லியே தீரவேண்டும். “நீ மறுக்காவிடில் நோயற்றது என்றே கொள்வேன்” என்று வாங்குபவர் கூறியபின் வாய்மூடி இருந்தால், அம்மௌனம் பேச்சாகிவிடும். மகளுக்குச் சொல்லவேண்டியதை மற்றவருக்குச் சொல்லவேண்டாம் என்று சட்டம் கோடு கிழித்தது அதன் எல்லை கருதி. அறத்தின் எல்லையும் அதுவே என்று அது கூறவில்லை.

அமெரிக்க நாட்டில் 1914இல் ஒரு வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஹாலர்பாக் என்பவர் தொடுத்தது. கென்டக்கியில் கிரீன் ஆற்றின் அணையைச் செப்பனிடும் பணி. அணையின் பின்புறம் உடைகல்லும் மரத்தூளும் வண்டலுமே இருப்பதாக அரசின் விவரக்குறிப்பு கூறியது. தோண்டியபோது கிடைத்தவையோ கல் நிரப்பிய மரக்கட்டைச் சட்டங்கள். அவ்வொப்பந்தத்திலும், களத்தைத் தாமே பார்த்தறிக என்னும் ஷரத்து இருந்தது. ஆயினும், இன்னது உள்ளது என்று திட்டமாகச் சொன்னவர் அச்சொல்லுக்குப் பொறுப்பாவார் என்று நீதிமன்றம் தீர்த்தது. பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பான ‘பிடிக்’ 1999இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம் இன்னும் ஒருபடி சென்றது. நிலத்தடி பற்றித் தன்னிடமுள்ள விவரம் அனைத்தையும் பணியுடையவர் தரவேண்டும்; அனுபவமுள்ள ஒப்பந்தக்காரரும் எதிர்நோக்கியிருக்க முடியாத நிலை தோன்றினால் காலமும் செலவும் கூட்டித் தரவேண்டும் என்றது.

நம் நூல்களோ இதனை நெடுங்காலத்திற்கு முன்பே கண்டுள்ளன. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்களுள் நியாசாபஹாரம் ஒன்று. பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இதை விளக்குகின்றார். ஒருவர் அடைக்கலமாகப் பொருள் வைத்துச் செல்கிறார். எண்ணிக்கையை மறந்து, திரும்பி வந்து குறைவாகக் கேட்கிறார். காத்திருந்தவர் ‘அப்படியே ஆகட்டும்’ என்று கேட்டதை மட்டும் கொடுத்துவிடுகிறார். இங்கே பொய் எங்குளது? கேட்டதைக் கொடுத்தார் அல்லவா? ஆயினும் இதனைத் திருட்டின் பட்டியலில் வைக்காமல் வாய்மையின் பட்டியலில் வைத்தனர் முன்னோர். மற்றவரின் அறியாமைக்கு இசைந்து தலையசைப்பதும் பொய்யின் பாற்பட்டதே என்பது அவர்தம் கருத்தாதல் வேண்டும். மூன்று தாள்களை நான் விட்டுத் தைத்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தக்காரர் யாவரும் தூயவர் என்று நான் சொல்ல வரவில்லை. மண் கெட்டதென்று அறிந்தே விலையைக் குறைத்துக் குறித்துப் பணியைப் பெற்று, பின்னர் எதிர்பாராத நிலை என்று கூடுதல் தொகை கேட்போரையும் கண்டிருக்கிறேன். அதுவும் அறிந்தவர் மௌனமே. ஒருவர் மறைப்பதால் மற்றவரும் மறைக்கிறார். ஷரத்துகளின் எண்ணிக்கை பெருகுகிறது. நிலமோ பழையபடியே கிடக்கிறது.

இதில் ஒப்பமிடாத மூன்றாமவரும் உண்டு. 2014 ஜூன் 28 அன்று, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அருகில் நின்ற இணைக் கட்டடமும் பாதுகாப்பற்றதென 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அவ்விபத்தில் எவர் எதை அறிந்திருந்தார் என்று தீர்ப்புக்கூற நான் தகுதியுடையவன் அல்லன். மாண்டவருள் பெரும்பாலோர் ஆந்திரம், ஒடிசா முதலிய இடங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். மண் ஆய்வறிக்கை என ஒன்று உண்டென்பதையே அறிந்திருக்க வாய்ப்பில்லாதவர்கள்.

தங்கை மகனிடம் இவையனைத்தையும் சொல்லவில்லை. பாலத்தின் கதையை மட்டும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர் ஒரு தாளில் மனையை வரைந்து, கிணற்றின் இடத்தையும், நினைவிலிருந்த அளவில் அதன் அகலத்தையும் குறித்து, ஆழம் தெரியாது என்றும் எழுதினான். அதனை ஒப்பந்தத்தின் இணைப்பாக்கி, ஐந்தாவது ஷரத்தில் அத்தாளைச் சுட்டி ஒரு வரி சேர்த்தேன்.

வாங்குபவர் மறுவாரம் ஒரு மேஸ்திரியுடன் வந்து அந்த மூலையில் கடப்பாரை போட்டுப் பார்த்தார். முழங்கை ஆழத்திலேயே செங்கல் துண்டுகள் வந்தன. விலையைக் குறைக்கவேண்டும் என்றார். “எவ்வளவு குறைப்பது, மாமா?” என்று என்னைக் கேட்டான். இடிபாட்டை அள்ளி எடுத்து மணல் நிரப்பிக் கெட்டிப்படுத்த என்ன செலவாகுமோ அவ்வளவு என்றேன். மேஸ்திரியின் மதிப்பீடு இன்னும் வரவில்லை.