காளத்தி காட்டும் கண்

காளஹஸ்தி க்ஷேத்திரத்தைத் தரிசிக்கும் அடியவர்கள் கண்ணப்ப நாயனாரை நினையாமல் திரும்புவதில்லை. வேடர் குலத்தில் உதித்த அவர், வாயில் முகந்து வந்த நீரையும், தாம் சுவைத்துப் பார்த்த இறைச்சியையும் இறைவனுக்குப் படைத்தார். சிவகோசரியார் அதில் ஆசாரக் கேட்டைக் கண்டு வருந்தினார். இறைவனோ அன்பைக் கண்டு மகிழ்ந்தான்.

குற்றவாளி என்று உலகம் ஒதுக்கியவரிடத்தும் அன்பைக் காணும் கண் வேண்டும். 1993-இல் கிரண் பேடி டெல்லி திகார் சிறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது அங்கு 8,000-க்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தனர். அவர்களிடம் அவர் முதலில் கேட்டது, பிரார்த்தனை செய்வீர்களா என்பதே. பின்னர் அவர்களோடு சேர்ந்து பிரார்த்தித்தார். குறைகளை அச்சமின்றி எழுதிப் போட நடமாடும் பெட்டி வந்தது. செய்யாத குற்றத்திற்காகத் தாயுடன் மதிலுக்குள் வளர்ந்த மழலைகளுக்குக் கல்வி கிட்டியது. தன் குழந்தை எழுத்துக் கற்பதைக் காணும் சிறைத் தாயின் உள்ளம் எவ்வளவு நெகிழும்!

அந்த நன்றியை எவ்வாறு செலுத்துவது? எழுத்தறிந்த கைதிகள் அறியாதவர்களுக்கு ஆசிரியராயினர். பெற்ற கருணையைப் பக்கத்தில் இருப்பவருக்கு வழங்குவதே மெய்யான நன்றி. கிரண் பேடியும் 1994-இல் பெற்ற மகசேசே விருதுத் தொகையைக் கொண்டு, சிறைவாசிகளுக்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் தொண்டாற்ற 'இந்தியா விஷன் பவுண்டேஷன்' அமைப்பை நிறுவினார்.

கண்ணப்பர் தம் கண்ணையே இறைவனுக்கு அளித்தார். நாமோ, தவறியவரையும் இறைவனின் குழந்தையாகக் காணும் பார்வையையேனும் அளிப்போமாக!