பால்மாற்றச் செலவும் அறத்தின் கணக்கும்

தெற்குத் தில்லியிலுள்ள கிட்வாய் நகர் மத்திய அரசு ஊழியர்களுக்கென அமைந்த குடியிருப்பாகும். அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதற்கு அண்மையில் உள்ளன. அங்கு வாழும் ஊழியர் ஊதிய நிலைக்கேற்ற மாதச் சந்தா செலுத்தி மத்திய அரசு மருத்துவ நலத்திட்டத்தின் காப்பைப் பெறுகிறார். நோயுற்றால் ஊதியத்துடன் விடுப்பும் உண்டு. இக்காப்பு முழுவதும் பணியின் வழி வருவது. வீட்டையும் பள்ளியையும் இளமையிலேயே இழந்து, அதனால் பணியையும் இழந்த திருநங்கைக்கு அதே மருத்துவமனை வாயில் நெடுந்தொலைவில் உள்ளது. தம் உடலைத் தம் பால் அடையாளத்தோடு இசைவிக்க ஆகும் செலவை யார் ஏற்பது என்னும் வினா இவ்விடத்தில் அறவினாவாகிறது.

தேவையும் விருப்பும்

இச்செலவு தேவையா, விருப்பா என்றே பெரும்பாலோர் வினவுவர். வரிச்சட்டமும் அவ்வாறே வினவுகிறது. மருத்துவச் சேவைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்களிக்கும் 2017-ஆம் ஆண்டு அறிவிக்கை, ஒப்பனை அறுவையை அவ்விலக்கிலிருந்து நீக்குகிறது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றால் பாதிப்புற்ற உடலைச் சீரமைப்பதை மட்டும் ஏற்கிறது. பால்மாற்றம் எப்பிரிவில் அடங்கும் என்பதை அதன் சொற்கள் நேரடியாகக் கூறவில்லை. அமெரிக்க வரி நீதிமன்றம் 2010-இல் ஓடானபைன் வழக்கில் ஹார்மோன் சிகிச்சையையும் பால்மாற்று அறுவையையும் வரிக்கழிவுக்குரிய மருத்துவச் செலவாக ஏற்றது. மார்பக அறுவையை ஒப்பனை என்று ஒதுக்கியது. ஒரே உடலின் ஒரு பகுதி தேவையாகவும் மறுபகுதி விருப்பாகவும் பிரிக்கப்பட்டது விந்தையே.

உயிர் பிழைக்க வேண்டுவது மட்டுமே தேவை என்னும் கருத்தை ஆடம் ஸ்மித் 1776-லேயே மறுத்தார். நாணமின்றிப் பொதுவிடத்தில் தோன்ற ஒரு கூலியாளுக்கு லினன் சட்டை வேண்டுமெனில் அச்சட்டையும் இன்றியமையாப் பொருளே என்பது அவர் வாதம். பிறர் முன் தானாக நிற்பதற்கு உடலே தடையாகும்போது இவ்வாதம் மேலும் வலுப்பெறுகிறது. தொல்காப்பியர் பால்திரிந்தோரைக் கிளவியாக்கத்தில் உயர்திணைக்குள் வைத்தே இலக்கணம் கூறுகிறார். அவர்தம் மாந்தத்தன்மையில் தமிழ் மரபு ஐயுற்றதில்லை எனலாம். ஐயம் பொருட்செலவு குறித்தே எழுகிறது.

கடனும் உடலும்

செலவு அறுவைக் கட்டணத்தோடு முடிவதில்லை. உளநல மருத்துவரின் சான்று, நீண்ட கால ஹார்மோன் மருந்து, இரத்தப் பரிசோதனை, முகமயிர் நீக்கம், ஆவணப் பெயர்மாற்றம் எனப் பட்டியல் நீளும். புண் ஆறும் வாரங்களில் இழக்கும் வருவாய் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. லிவிங் ஸ்மைல் வித்யா தம் ‘நான், சரவணன் வித்யா’ (2007) நூலில், புணேயில் ரயில்களில் கையேந்தி அறுவைக்குப் பணம் சேர்த்ததைப் பதிவு செய்துள்ளார். நாமக்கல் பகுதியிலிருந்து தில்லிக்குச் சென்று திருநங்கையர் குடும்பத்தில் சேர்ந்த ரேவதியின் தன்வரலாறும் (ஆங்கிலம் 2010, தமிழ் 2011) இவ்வாழ்வின் பொருளியலைக் காட்டுகிறது. வங்கி கடன் தராதவருக்கு ஜமாத்தும் குருவுமே புகலிடம். அப்புகலிடம் கருணையுடையதே, ஆயினும் கடன் கடனே. கையேந்தலும் பாலியல் தொழிலும் அன்றி அடைக்க வழியில்லாதபோது, பெண்ணுடல் பெறுவதற்கான விலை அவ்வுடலாலேயே செலுத்தப்படுகிறது.

நிபந்தனையும் பொறுப்பும்

உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா தீர்ப்பில், பால் அடையாளத்தை ஏற்க அறுவையை வற்புறுத்துவது அறமன்று, சட்டமுமன்று என்றது. 2019-ஆம் ஆண்டுச் சட்டமோ ஆண் அல்லது பெண் எனத் திருத்திய சான்றிதழுக்கு அறுவையை அடிப்படையாக்கியது (பிரிவு 7). அரசு சிகிச்சை வசதியும் காப்பீடும் அளிக்க வேண்டும் என்றும் கூறியது (பிரிவு 15). இவ்விரு பிரிவுகளையும் சேர்த்தே படித்தல் வேண்டும். ஒன்றை நிபந்தனையாக்கிய பின் அதன் செலவைத் தனிமனித விருப்பம் என்று அரசு ஒதுக்க இயலாது.

தமிழ்நாடு இப்பொறுப்பை முன்னரே ஓரளவு ஏற்றது. 2008-இல் நல வாரியம் அமைத்ததுடன், அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லா அறுவைக்கும் வழிசெய்தது. மத்திய அரசு 2022-இல் அறிவித்த ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பை உறுதி கூறியது. ஆயினும் ஆயுஷ்மான் அமைப்பு உள்நோயாளிச் சிகிச்சையை மையமாகக் கொண்டது. பால்மாற்றத்தின் நீண்ட செலவோ மருந்துக் கடையில் நிகழ்வது.

புற்றுநோய்க்கே நிதி போதாத நாட்டில் இது முறையா என்பது எளிதில் தள்ளத்தக்க மறுப்பன்று. ஆனால், புற்றுநோயாளியை நோயின் பொருட்டு எந்தப் பள்ளியும் வெளியேற்றுவதில்லை. எந்தத் தந்தையும் வாயிலை அடைப்பதில்லை. திருநங்கையின் வறுமை பெரிதும் பிறரால் ஆக்கப்பட்டது. அவர் பொதுநிதியிடம் கேட்பதில் ஒரு பங்கு உதவி, மறுபங்கு இழப்பீடு.