வேலையால் வருதல்

எமது ஊர்ப் பேச்சிலே ஒரு வழக்கு உண்டு. மாலை நேரத்தில் ஒருவரைத் தேடி அவரது வீட்டுக்குப் போனால், "அவர் வேலையால வந்திட்டாரோ?" என்றுதான் முதலில் கேட்போம். வேலைக்குப் போவதைப் போலவே வேலையால் வருவதும் ஒரு நிகழ்ச்சி. சைக்கிளை மதிலோடு சாத்துவது, கால் முகம் கழுவுவது, சாரத்தை மாற்றுவது, தேத்தண்ணீர் குடிப்பது என்று அதற்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. அதன் பின்னர் அந்த மனிதர் கந்தோருக்கு உரியவர் அல்லர், வீட்டுக்கு உரியவர்.

அப்படியானால், வீட்டிலிருந்தே வேலை செய்பவர் எப்போது வேலையால் வருகிறார்?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் இன்று பலெர்மோவில் வாழும் எம்மவர் சிலரது வீடுகளில் இது வேடிக்கை அல்ல. 2020 மார்ச் 10ஆம் திகதி தொடக்கம் கொரோனாவினால் இத்தாலி முழுவதும் முடக்கப்பட்டபோது அலுவலகங்கள் வீடுகளுக்குள் வந்தன. இங்குள்ளவர்கள் அதற்கு 'ஸ்மார்ட் வேர்க்கிங்' என்று பெயர் வைத்தார்கள். வேலை தேடி மிலானுக்கும் தூரினுக்கும் போன தெற்குப் பிள்ளைகள் பலர் தாய் தந்தையரிடம் திரும்பி வந்து, அதே வேலையைத் தொடர்ந்து செய்தார்கள். அவ்வாண்டிலேயே எலேனா மிலித்தெல்லோ என்ற பெண்மணி இதே பலெர்மோவில் 'சவுத் வேர்க்கிங்' என்னும் அமைப்பைத் தொடக்கினார். வடக்கின் நிறுவனத்துக்குத் தெற்கில் இருந்தபடி வேலை செய்யலாம், ஊரை விட்டுப் போகத் தேவையில்லை என்பதே அதன் நோக்கம். பெரிய நிறுவனங்களில் மாத்திரம் ஏறக்குறைய 45,000 பேர் அவ்வாறு தெற்கில் இருந்து வேலை செய்வதாக அவ்வருட இறுதியில் ஸ்விமெஸ் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது.

இதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. கணக்கெழுதுவது எமது தொழில். வடக்கில் உள்ளவர்களின் கணக்குகளை இங்கே சமையலறை மேசையில் வைத்து எழுத முடிவதனால், பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டு வருவதற்கும் முதியவர்களை வைத்தியரிடம் கூட்டிச் செல்வதற்கும் இயலுமாக உள்ளது. ஊரையும் உறவையும் ஒருமுறை விட்டு வந்த எமக்கு, வேலைக்காக இன்னொரு முறை பெயர வேண்டியதில்லை என்பது சிறிய காரியம் அல்ல.

ஆனால் அந்த மேசையில் மாலை ஆறு மணிக்கு மணி அடிப்பதில்லை. வரி கட்டும் நாளாகிய மாதத்தின் 16ஆம் திகதி நெருங்கும்போது மேசையில் ஒரு பக்கம் சாப்பாட்டுக் கோப்பை, மறுபக்கம் கணினி. பிள்ளை ஒன்றைச் சொல்ல வருகிறது. எமது கண் திரையில் இருக்கிறது. "ஓம், சொல்லு" என்கிறோம். பிள்ளை சொல்லாமலே போய்விடுகிறது.

முன்னைய காலத்தில் வேலையின் முடிவை நாமாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. அது வெளியிலிருந்து வந்தது. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த வருடங்களை நினைத்துப் பாருங்கள். ஜாம் போத்தல் விளக்கில் எவ்வளவு மண்ணெண்ணெய் உண்டோ அவ்வளவுதான் படிப்பும் வேலையும். அது துன்பம், அதைப் புகழ வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் இருட்டியதும் சனங்கள் முற்றத்தில் கூடியிருந்து கதைத்தார்கள் என்பதும் உண்மை. இங்கே பலெர்மோவிலும் பழைய கடைக்காரர்கள் மத்தியானம் ஒரு மணியளவில் இரும்புக் கதவைக் கீழே இழுத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். நாலு மணிவரை எவரும் அதைத் தட்டுவதில்லை. சூரியனும் விளக்கெண்ணெயும் கடைக் கதவும் கடைசி பஸ்ஸும் அன்று எமக்காக வரம்பு கட்டின. இன்று வரம்பை நாமே கட்டவேண்டும். ஆகவேதான் இது வெறும் வசதி பற்றிய கேள்வியாக இல்லாமல், அறம் பற்றிய கேள்வியாக மாறுகிறது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. இத்தாலியின் 2017ஆம் ஆண்டின் 81ஆம் இலக்கச் சட்டம், வீட்டிலிருந்து வேலை செய்பவருடன் எழுதப்படும் ஒப்பந்தத்தில் ஓய்வு நேரமும், கருவிகளின் தொடர்பைத் துண்டிப்பதற்கான ஏற்பாடும் குறிக்கப்பட வேண்டும் என்கிறது. 2021இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, தொடர்பைத் துண்டிப்பது தொழிலாளியின் உரிமை என்றும், அதைப் பயன்படுத்தியதற்காக அவரது வேலையிலோ சம்பளத்திலோ பாதிப்பு வரக்கூடாது என்றும் கூறுகிறது. பிரான்சில் 2017 தொடக்கம் இவ்வுரிமை உண்டு. எமது உறவுகள் பெருமளவில் வாழும் அவுஸ்திரேலியாவிலும் 2024 ஓகஸ்ட் மாதம் அது நடைமுறைக்கு வந்தது.

எனினும் இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று, சொந்தமாக வரி இலக்கம் எடுத்துத் தொழில் செய்பவரை இந்த உரிமை காப்பதில்லை. அவருக்கு அவரே முதலாளி. அவரைவிடக் கடுமையான முதலாளி கிடைப்பது அரிது. மற்றையது, முதலாளி அழைக்கக்கூடாது என்று சட்டம் சொல்லலாம். ஒருவரும் அழைக்காத வேளையிலும் கைத்தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் எமது கையைச் சட்டம் பிடிக்காது. அகதியாக வந்தவரிடம் அந்தக் கை இன்னும் வேகமாக நீளும். கட்டிய வீட்டை ஒரே இரவில் விட்டு நடந்தவருக்கு, கையில் உள்ள வேலையும் அப்படியே போய்விடுமோ என்ற பயம் எளிதில் அகலாது. "இல்லை, நாளைக்குப் பார்க்கிறேன்" என்று சொல்வதற்கு அவருக்கு மற்றவர்களைவிட அதிக துணிவு தேவை.

இந்தச் சட்டங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இக்கேள்விக்கு விடை கண்டவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். 1990களில் இந்நகரின் வீடுகளில் தங்கி, முதியோரையும் பிள்ளைகளையும் பராமரித்த எமது அக்காமாரும் அன்ரிமாருமே அவர்கள். எமக்கு வேலை வீட்டுக்குள் வந்தது; அவர்களோ வேலைக்குள்ளேயே குடியிருந்தார்கள். இன்றைய வீட்டுப் பணியாளர் ஒப்பந்தப்படி, தங்கி வேலை செய்பவருக்கு வாரத்தில் கூடியது 54 மணித்தியால வேலை, நாளொன்றுக்குத் தொடர்ச்சியாக 11 மணித்தியால ஓய்வு, வாரத்தில் 36 மணித்தியால விடுப்பு. அதில் 24 மணித்தியாலம் ஞாயிற்றுக்கிழமைக்குரியது. ஆனால் அடுத்த அறையில் இருப்பவரை அழைப்பது எவ்வளவு இலகு! "உன் அத்திமோ", ஒரு நிமிடம் வந்து போ, என்றுதான் குரல் வரும். அந்த ஒரு நிமிடத்துக்கு முடிவே இராது. ஆகவே அவர்கள் லீவு நேரம் வந்ததும், போவதற்கு இடம் இல்லாவிட்டாலும், உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்கள். வில்லா ஜூலியா பூங்காவின் வாங்கிலோ, தெரிந்தவர் ஒருவரின் அறையிலோ இருந்துவிட்டு, நேரம் முடிந்த பின்னரே திரும்பினார்கள். ஓய்வு என்பது கிடைக்கும்போது எடுப்பது அல்ல, எழுந்து போய் எடுப்பது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று எமது மேசைக்கு வரும் மின்னஞ்சலும் அதே "உன் அத்திமோ" தான்.

இனி, இந்த நேரம் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். "என் நேரம், நான் விரும்பினால் வேலை செய்கிறேன், யாருக்கு என்ன நட்டம்?" என்று சிலர் கூறுவர். கணக்கியலில் நாம் முதலில் படிக்கும் பாடம் இரட்டைப் பதிவு. 1494இல் வெனிஸ் நகரில் அச்சான தமது நூலில் லூக்கா பச்சோலி என்ற துறவி அதனை விளக்கி எழுதினார். ஒரு கணக்கில் ஒன்றைப் பதிந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதை இன்னொரு கணக்கில் பதிந்தே ஆகவேண்டும். வெறுமனே எங்கிருந்தோ வந்த தொகை என்று ஒன்று கிடையாது.

இரவு எட்டு மணிக்குப் பின்னர் வேலைக்குக் கொடுத்த இரண்டு மணித்தியாலத்தையும் இப்படிப் பதிந்து பார்ப்போம். ஒரு பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். மறுபக்கத்தில் யாருடைய பெயர்? மகளின் பெயராக இருக்கலாம். பகல் முழுவதும் பிறர் வீட்டைத் துடைத்துவிட்டு வந்து, யாருடனாவது கதைக்கலாம் என்றிருந்த மனைவியின் பெயராக இருக்கலாம். ஊரிலிருந்து தொலைபேசியில் காத்திருக்கும் தாயின் பெயராக இருக்கலாம். அவர்களது கணக்கிலிருந்து எடுத்தோம், அவர்களிடம் கேட்கவில்லை. பிறர் பணத்தை அவரது கையெழுத்தின்றி எடுப்பதற்கு என்ன பெயர் என்று எமக்குத் தெரியும். நேரத்துக்கு மட்டும் வேறு பெயர் உண்டா?

"அவர்களுக்காகத்தானே உழைக்கிறோம்" என்பது இதற்கு வரும் மறுமொழி. அது பொய் அல்ல. ஊரில் தங்கைக்குக் கலியாணம், இங்கே வீட்டு வாடகை, இன்னும் தீராத கடன் என்று சுமை உள்ளவருக்கு, ஆறு மணியோடு கணினியை மூடு என்று உபதேசம் செய்வது நியாயம் அல்ல. ஆனால் இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குடும்பமாக இருந்து கதைத்து, "இந்த ஆறு மாதமும் இரவில் இரண்டு மணித்தியாலம் கூடுதலாகச் செய்வோம், கடன் தீர்ந்ததும் நிறுத்துவோம்" என்று முடிவெடுப்பது ஒன்று. அங்கே கொடுப்பவர்களின் சம்மதம் உண்டு; தொகையும் தவணையும் உண்டு. யாரும் முடிவெடுக்காமல், யாருக்கும் சொல்லாமல், நாளுக்குப் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நேரம் ஒழுகிப் போவது இன்னொன்று. முன்னையது தியாகம், பின்னையது ஒழுக்கு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து மனத்தைத் தேற்றுவதே எமது காலத்தின் பெரிய தவறு என்று நாம் கருதுகிறோம்.

இன்னொரு விடயத்தையும் சொல்லாமல் விட முடியாது. மற்றவர்களின் மாலை நேரத்தை எடுப்பவர்கள் முதலாளிகள் மட்டும் அல்லர். மொழி தெரிந்த ஒரு பிள்ளை, படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு தம்பி எமது சமூகத்தில் இருந்தால், இரவு பத்து மணிக்கும் ஞாயிறு மத்தியானமும் அவரை அழைக்கலாம் என்று ஓர் எண்ணம் உண்டு. ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பது வேறு. அதற்கு நேரம் காலம் பார்க்க முடியாது. நாளைக்கும் கேட்கக்கூடிய ஒன்றை இன்றிரவே கேட்பது வேறு. எமக்கு ஓய்வு வேண்டுமென்றால் பிறரது ஓய்வையும் நாம் மதித்துப் பழக வேண்டும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? சம்பளத்துக்கு வேலை செய்பவர், எத்தனை மணிவரை தம்மை அழைக்கலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் கேட்டுப் பெறட்டும். அது சலுகை அல்ல, சட்டம். தாமே தொழில் நடத்துபவர், கடைக்காரர் கதவில் எழுதுவது போலத் தமது நேரத்தை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்கட்டும். வேலை முடிந்ததும் கணினியை மேசையில் விடாது அலுமாரியில் வைத்துப் பூட்டட்டும். சிறிய வீட்டில் தனி அறை இல்லாவிட்டாலும் ஓர் அலுமாரித் தட்டு இருக்கும்.

அதன் பின்னர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஃபோரோ இத்தாலிக்கோ கடற்கரைவரை ஒரு நடை போய்த் திரும்பலாம். தூரம் முக்கியமல்ல. திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது, உள்ளே இருக்கும் பிள்ளைக்கு ஒன்று விளங்கவேண்டும்: அப்பா வேலையால் வந்துவிட்டார்.