புழுவுக்கும் அருள்

எங்கள் வீட்டு எலுமிச்சைக் கன்றின் தளிர்களைப் பறவை எச்சம் போன்ற புழுக்கள் தின்றுவந்தன. இரண்டினை எடுத்து மதிலுக்கு அப்பால் விட்டேன். "பட்டாம்பூச்சி ஆகும், தாத்தா!" என்று பேத்தி தடுத்ததால் மூன்றாவது தப்பியது. அது நான்கு முறை தோலுரித்துப் பசுமை பூண்டு, கூட்டுப்புழுவாய் அடங்கி, ஒருநாள் காலை சிறகு விரித்தது. இல்லமே மகிழ்ந்தது.

எனக்கோ உறுத்தல். அவ்விரண்டையும் நான் கொல்லவில்லை. ஆயினும் மதிலுக்கு அப்பால் எலுமிச்சை இலை ஏது? மூன்றாவதைக் காத்ததும் வரப்போகும் அழகை எண்ணியன்றோ? அவ்வாறெனில், என்றுமே சிறகு முளைக்காத மண்புழுவுக்கும் மரவட்டைக்கும் நம் அருள் எங்கே?

அன்பர்களே, வடிவம் மாறினும் உள்ளிருக்கும் உயிர் ஒன்றே. பயன் கருதிக் காப்பது வாணிகம். புழுவைப் புழுவாகவே காப்பது அறம். தின்ற தளிர் மீண்டும் துளிர்த்துவிட்டது. அவ்விரு புழுக்கள் மீளவில்லை.