அடுத்த வருஷம் என்று சொல்லாதே!

"கையில் காசில்லை, இந்த வருஷம் பொங்கல் வேண்டாம். அடுத்த வருஷம் ஜோராகக் கொண்டாடிக்கலாம்." எண்பதை நெருங்கும் தாயிடம் இப்படிச் சொல்ல உனக்கு எப்படி மனம் வருகிறது, தம்பி? அடுத்த வருஷத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தது யார்?

2018 நவம்பர் 16. விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தோப்பு தோப்பாகத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. பெற்ற பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது என்று சொல்லிச் சொல்லி மரம் வளர்த்த மண் அது. அந்தத் தென்னம்பிள்ளையே விழுந்துவிட்டது! சரியாக 60 நாளில் பொங்கல். புதிதாக நெட்டைக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அது காய்த்த பிறகு கொண்டாடலாம் என்று தோப்புக்காரப் பெரியவரிடம் சொல்ல முடியுமா? தென்னம்பிள்ளை சாய்ந்த வருஷத்தில்தான் பெற்ற பிள்ளை நிமிர்ந்து நிற்க வேண்டும்.

நாகப்பட்டினம் பக்கம் 1942இல் பிறந்த ஒரு பெண்ணை நினைத்துப் பார். 1952 நவம்பர் கடைசியில் பெரும்புயல் வந்தபோது அவளுக்கு வயது 10. 1977 நவம்பர் 12இல் நாகையை இன்னொரு புயல் புரட்டிப் போட்டபோது 35. கஜா வந்தபோது 76. ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் தை பிறந்ததைப் பார்த்தவள் அவள். ஈர விறகை எப்படிப் பற்றவைப்பது, இருக்கிற அரிசியை எத்தனை இலைக்குப் பகிர்வது, சீர் கொண்டுவர முடியாமல் தலைகுனிந்து வரும் அண்ணனை அவன் முகம் வாடாமல் எப்படி வாசலில் வரவேற்பது, எல்லாம் அவளுக்கு அத்துபடி. கஷ்ட காலத்தில் பண்டிகை நடத்தத் தெரிந்த ஆள் உன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். நீயோ அவரைச் சுமை என்று எண்ணி நடுங்குகிறாய்!

பொங்கலுக்கு அப்படி என்னதான் வேண்டும்? கொஞ்சம் பச்சரிசி, ஓர் அச்சு வெல்லம், பாசிப்பருப்பு, மஞ்சள் கொத்து. கஜா புயலுக்குப் பின் வந்த அந்த 2019 பொங்கலுக்கு ரேஷன் கடையில் பச்சரிசியும் சர்க்கரையும் கரும்புத் துண்டும் கொடுத்தார்கள். பானை பொங்க அது போதும். புதுச் சட்டையும் கார் வாடகையும் நாமாகச் சேர்த்துக்கொண்டவை. அவற்றை வெட்டு. பண்டிகையை வெட்டாதே.

பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் பிடித்து அனுப்புவதைக் கொண்டாட்டம் என்று நினைத்துவிடாதே. அவருக்கு வேலை கொடு! கை நடுங்குகிறதா? பானையில் மஞ்சள் கட்டும்போது நீ பிடித்துக்கொள், முடிச்சை அவர் போடட்டும். காது மந்தமா? பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினால் அவருக்கு ஒன்றும் புரியாது. ஒவ்வொருவராக எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். சர்க்கரை இருக்கிறதா? வெண்பொங்கலை அளவாக வை, இனிப்பில் ருசிக்கு ஒரு கரண்டி போதும். மறதி நோய் வந்து உன் பெயரே தவறிவிட்டதா? மனம் உடையாதே. பெயர் போன பிறகும் கைப்பழக்கம் பல பேருக்கு நெடுநாள் தங்கும். கோலமாவுக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துப் பார். புள்ளி கோணினால் கோணட்டும், யாரும் திருத்தாதீர்கள்.

துக்கம் நடந்த வீடு என்றால் ஒரு வருஷம் பண்டிகை இல்லை என்பது நம் பக்கத்து வழக்கம். அதை மதி. பலகாரம் வேண்டாம், புதுத்துணி வேண்டாம். ஆனால் அந்த நாளில் ஊருக்கே போகாதே என்று எந்த வழக்கம் சொல்கிறது? தாத்தா போன பிறகு வரும் முதல் தீபாவளி. தெருவெல்லாம் வெடிச் சத்தம். பாட்டி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. வருஷத்தில் மற்ற நாளெல்லாம் நீ வராமல் போனாலும் அவர் பொறுத்துக்கொள்வார். அந்த ஒரு நாளில் நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தாத்தா பட்டாசு வாங்கி வந்த கதையை அவர் சொன்னால் கேள். அழுதால் அழவிடு. அதுதான் அந்த வருஷத்துத் தீபாவளி.

வெறுங்கையோடு போக வெட்கமாக இருக்கிறதா? இந்த வெட்கம்தான் உன்னை முடக்குகிறது, பணமில்லாமை இல்லை. உன் மதிப்பைப் பெட்டியின் கனத்தில் எடை போடும் ஊர்க்காரன் இருப்பான், அவனுக்காகவா நீ போகிறாய்? ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறு. சட்டை பழசென்றால் துவைத்துப் போடு. வீட்டுக்குள் நுழைந்ததும், "வேலை போய்விட்டதம்மா, கடன் இருக்கிறது" என்று நிமிர்ந்து நின்று சொல். மூன்று புயலைத் தாண்டிய தலைமுறைக்கு முன்னால் மறைக்க என்ன இருக்கிறது? சொல்லிவிட்டுக் கொல்லையில் கல்லைக் கூட்டி அடுப்பு வை. எந்தத் திசை பார்த்து வைப்பது என்று அம்மாவையே கேள்.